வேலி யாருடையது

அறுபத்திரண்டு பக்க ஆய்வறிக்கையில் பாதிக்கு மேல்
'பார்க்க இயலவில்லை.'
கம்பளம் விரித்திருந்ததால் தரையைப் பார்க்க இயலவில்லை.
பரண் கதவு பெயிண்ட்டில் ஒட்டிக்கொண்டதால்
கூரையின் உட்புறம் பார்க்க இயலவில்லை.
பார்க்க இயலாத ஒன்றுக்கு
முப்பத்தொரு வருடக் கடன் வாங்கினோம்.
அது தீரும்போது லோர்னாவுக்கு அறுபத்தெட்டு.
எனக்கு எழுபத்தொன்று.
வங்கிக்காரர் கூட்டிப் பார்த்துவிட்டு
பேனாவை மூடினார்.

கூர்மூக்கு ஷூ போட்ட தரகர்ப் பையன்
மூன்றாவது படுக்கையறை என்று காட்டினான்.
நான் குறுக்காகப் படுத்துப் பார்த்தேன்.
கால் கதவில் இடித்தது.
"குழந்தைக்குப் போதுமே" என்றான்.
லோர்னா சன்னலைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்,
கோளாறு சன்னலில்தான் என்பதுபோல.

சாவி கைக்கு வந்தது நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை.
நாலரை மணி, விக்ஸ்டன் இருட்டிவிட்டது.
சுவிட்சைப் போட்டால் வெளிச்சம் இல்லை.
பழைய சொந்தக்காரர்கள்
பல்புகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்,
அடுப்புக்கு மேலிருந்த குட்டி பல்பு உட்பட.
கைபேசி வெளிச்சத்தில்
சொந்த வீட்டை அறை அறையாய்த்
திருடர்கள் மாதிரி பார்த்தோம்.

இரட்டை வீட்டில் ஒரு பாதி நாங்கள்,
மறு பாதி மிஸ்டர் ஆஸ்குட்.
நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர்.
ஆறு பத்துக்கு இருமுவார்.
ஆறே காலுக்கு அவர் கெட்டில் கொதிக்கும்.
நேரில் பேசியது மூன்றே தடவை:
மழை வரும்போல.
வந்துவிட்டது.
இந்த வியாழன் பழுப்புத் தொட்டி, பச்சை இல்லை.

பிப்ரவரிப் புயலில் தோட்டத்து வேலி விழுந்தது,
ஒன்பது பலகையும், அவர் பக்கமாக.
மறுநாள் பத்திரத்தின் வரைபடத்தோடு வந்தார்.
எல்லைக்கோட்டின் மேல் டீ என்று ஓர் எழுத்து.
(குடிக்கிற டீ இல்லை.
அதை அவர் கேட்கவில்லை, நான் கொடுக்கவுமில்லை.)
அதன் கால் யார் பக்கம் நிற்கிறதோ
வேலி அவர் பொறுப்பு.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
கால் எங்கள் பக்கம்.

புது வேலிக்கு அறுநூற்று நாற்பது பவுண்டு.
முத்திரைத் தீர்வை, வக்கீல், பாய்லர்,
இருபத்தேழு பல்பு எல்லாம் போக
கையில் இருந்தது அறுபது.
கோடையில் போடுகிறேன் என்றேன்.
"அவசரமில்லை" என்றார்.
இங்கேயே பிறந்தவன் நான்.
அவசரமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று தெரியாதா?

ஏப்ரலில் லோர்னா ஆஸ்பத்திரிக்குப் போய்
வெறும் கையோடு வந்தாள்.
மூன்றாவது அறையைச் சாத்தினோம்.
இரவுகளில் அவள் அழுதாள்.
சில இரவு நான்.
யாரிடமும் சொல்லவில்லை.

மிஸ்டர் ஆஸ்குட் ஞாயிறுதோறும் புல் வெட்டுவார்,
நூல் பிடித்த மாதிரி,
உடைந்த கம்பங்களின் சிமெண்ட் கட்டையோடு நிறுத்திவிடுவார்.
எங்கள் பக்கம் முழங்கால் உயரம், மஞ்சள் பூக்கள்.
மே மாதம் ஒருநாள் பார்க்கிறேன்,
கட்டையைத் தாண்டி அரை அடி வெட்டியிருக்கிறது.
கை தவறியிருக்கும்.
அடுத்த ஞாயிறு ஓர் அடி.
அதற்கடுத்தது மெஷின் அகலம் முழுக்க.
வெட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

அவர் இருமல் எனக்குக் கேட்கும் என்றால்
எங்களுடையது எதெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும்?
அன்றுவரை தோன்றவேயில்லை.

ஜூலையில் பணம் சேர்ந்தது.
பலகைக் கடைக்காரர் நாள் கேட்டார்.
அதில் தொண்ணூறை எடுத்து
ஒரு பழைய புல்வெட்டி வாங்கினேன்.
லோர்னா ஒயரைப் பிடித்துக்கொண்டாள்.
முதல் ஓட்டமே கோணல்,
அவர் பக்கம் ஓர் அடிக்கு மேல் போய்விட்டது.
நிமிர்ந்தேன்.
சமையலறைச் சன்னலில் நின்றிருந்தவர்
சட்டென்று குழாயைத் திறந்து
எதையோ கழுவ ஆரம்பித்தார்.